இல்லாத தங்கை

“நீ நடுவுல பேசாதே. நான் அம்மாகிட்ட—”

“பேசுவேன். என் கல்யாணத்த நிறுத்திட்டு என்னையே பேசாதேன்னா—”

“நிறுத்தல. ஆட்சேபம் சொல்லியிருக்கேன். ரெண்டுக்கும் வித்தியாசம்—”

“ஆமா, கழுத்த நெரிக்கல, மூச்ச மட்டும்தான் பிடிச்சேன்னு சொல்ற வித்தியாசம்!”

“அம்மா, இவள வாய மூடச் சொல்றியா?”

“அம்மா, இவன முதல்ல இன்னொரு செருப்பையும் கழட்டச் சொல்லு!”

பெரியவன் குனிந்து பார்த்தான். வந்த வேகத்தில் ஒரு காலில் மட்டும்தான் கழற்றியிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு செருமலிலேயே கூடம் முழுவதையும் அடக்கிவிடும் துணை முதல்வர், தங்கையின் முன்னால் ஒற்றைச் செருப்போடு நின்றார். பேசாமல் வாசல்வரை போய் அதையும் விட்டுவிட்டு வந்தான்.

அம்மா வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது. பல் டாக்டர் ஒருவரின் அறைக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள் வரிசையாக நின்றன. தையற்காரிக்கு அது ஒரு சௌகரியம். வீட்டில் எத்தனையோ சண்டைகளை அவள் குண்டூசியைக் கவ்விக்கொண்டே கடந்திருக்கிறாள்.

இந்தச் சண்டை அப்படிக் கடக்கிற ரகமில்லை.

இத்தனைக்கும் மூலம் அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மகள் தன்னோடு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தாள். நெடுநெடுவென்று ஆறடி உயரம், தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. டவுன் பஸ் ஓட்டுகிறவள். “இனிமே இவளும் இங்கதான் இருப்பாம்மா” என்று மகள் சொன்ன விதத்திலேயே அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததை விழுங்குவதற்குள் கீழ்வீட்டம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “யாருங்க இது, புதுசா?” என்று கேட்டுவிட்டாள்.

“என் தங்கச்சி பொண்ணு” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பெண் ஊருக்குத் தங்கச்சி மகள், வீட்டுக்கு நெட்டை. ஊர் காது கேட்க அம்மாவைப் ‘பெரியம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தவள், யாரும் இல்லாதபோதும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். “அன்னிக்கு மட்டும் அண்ணன் பொண்ணுன்னு சொல்லியிருந்தா முறையாவது கூடி வந்திருக்கும். போயும் போயும் எங்களை அக்கா தங்கச்சியா ஆக்கிட்டீங்களே, பெரியம்மா” என்று அடிக்கடி கேலி செய்வாள். மூவரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் போன வாரம் ஒரு பழுப்பு உறை வந்து நிறுத்தியது. வயதுவந்த எந்த இருவரும் மணம் செய்துகொள்ளலாம் என்று போன அரசாங்கம் சட்டம் போட்டது. தேர்தலில் ஜெயித்து வந்த புது அரசாங்கம், மாதக் கடைசியோடு அதைத் திரும்பப் பெறப் போகிறது. அதற்குள் பதிந்துவிட்டவர்களுக்கு மட்டும் செல்லும். கடை சாத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கூடுகிற கூட்டம்போல ஜோடிகள் பதிவு அலுவலகத்துக்கு ஓடினார்கள். இவர்களும் ஓடினார்கள். ஊரறிய அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதற்கு வந்த ஆட்சேபம்தான் அந்த உறைக்குள் இருந்தது. ஒரே வரி: ‘இவ்விருவரும் தாய்வழிச் சகோதரிகள். உடன்பிறந்த சகோதரிகளின் மக்கள் மணக்கச் சட்டத்தில் இடமில்லை.’

எழுதிக் கொடுத்தவன் பெரியவன். இன்று விசாரணை.

அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப் பொட்டலத்தில் குத்தினாள்.

“ஏண்டா, எனக்குத் தங்கச்சியே கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எழுதிக் குடுத்தே?”

“நான் எழுதினது உன் வாயில வந்ததும்மா. ஒன்பது வருஷமா நீ ஊருக்கெல்லாம் சொன்னது. ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கல.”

“கேட்டுக்கோம்மா,” என்றாள் சின்னவள். “உன் பையன் பொய்யே சொல்ல மாட்டான். அடுத்தவங்க பொய்ய எடுத்துத்தான் அடிப்பான்.”

“சரிடி, நான் கெட்டவன். ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை கேட்டேனா? அவங்க வாழ்க்கை, அவங்க இஷ்டம்னு சகிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்? வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் யாரு கேட்டா? இப்ப எதுக்கு அரசாங்கத்தக் கூப்பிட்டு நடுவீட்டுல உக்கார வெக்கிற?”

“நீ கூப்பிடலயா? உன் கல்யாணத்தப் பதிஞ்சது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா? வரிச்சலுகைக்கு அண்ணி உன் பெண்டாட்டி. குடியிருக்கிற குவார்ட்டர்ஸுக்கு அண்ணி உன் பெண்டாட்டி. எனக்குன்னா மட்டும் வீட்டுக்குள்ள, கதவ சாத்திக்கிட்டு, சத்தம் போடாம!”

“சத்தம் போட்டா யாருக்கு நஷ்டம்னு தெரியுமா? அடுத்த மாசம் ஸ்கூல்ல முதல்வர் நியமனம். பெத்தவங்க சங்கத்துல பாதிப்பேர் இப்ப ஜெயிச்ச கட்சி. ‘சார், உங்க வீட்டுலயே’ன்னு ஆரம்பிச்சா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கிறது?”

“ஆக, உன் நாற்காலிக்கு நாலு கால் வேணும். அதுல ஒண்ணு என் கால்.”

பெரியவன் தங்கையை விட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரல் தணிந்தது. அந்தத் தணிந்த குரல் என்றால்தான் அம்மாவுக்குப் பயம்.

“அம்மா, நீ பொய் சொல்ல வேணாம், நிஜமும் சொல்ல வேணாம். முதுகு வலின்னு படுத்துக்கோ. அது போதும். நெட்டை பக்கத்துலேர்ந்து உறவு இல்லன்னு சொல்ல ஆள் கிடையாது. அவ அம்மா போயாச்சு, அப்பன் தலைமுழுகிட்டான். நீ வரலைன்னா விண்ணப்பம் தள்ளுபடி. மாசக் கடைசி தாண்டிட்டா எல்லாம் பழையபடி. நெட்டை இங்கயே இருப்பா, நீங்க மூணு பேரும் எப்பவும்போல இருப்பீங்க. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்ல.”

“எனக்கு நஷ்டம்,” என்றாள் சின்னவள். அவள் குரலும் இறங்கியிருந்தது. “போன வருஷம் அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன். நீங்க யாருன்னு கேட்டாங்க. கூட இருக்கேன்னேன். கூட இருக்கிறவங்க வெளிய இருங்கன்னாங்க. தலைமுழுகினாரே அந்த அப்பா, அவரத் தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்கினாங்க. அவர் போட்டுட்டு, என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனாரு. அந்தச் சிரிப்ப நான் இன்னொரு வாட்டி பாக்க மாட்டேன்மா.”

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். ஊரார் கண்ணுக்கெல்லாம் தெளிவைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, தன் கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். அவசர வேலை ஒன்று இருக்கிறது, முடித்துவிட்டு நேராக அங்கே வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். வாசலில் திரும்பி, “முதுகு வலிக்குதாம்மா?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“கார்ல வா, நானே கொண்டுபோய் விடறேன்” என்றான் பெரியவன், எந்த முகத்தோடு சொன்னானோ.

“உன் கார்ல வந்து உனக்கு எதிரா சொல்லச் சொல்றியா? போடா. எனக்குக் கால் இருக்கு.”

* * *

கால் இருந்தது. படி இறங்கி முடிப்பதற்குள் கீழ்வீட்டம்மாவும் இருந்தாள், வெளியே போகிற புடவையில், கைப்பையோடு.

“அட, நீங்களும் கிளம்பிட்டீங்களா? நல்லதாப் போச்சு, துணைக்குத் துணை. உங்க பெரியவர் போன் பண்ணாருங்க. பதிவு ஆபீஸ்ல ஏதோ உறவுமுறை சொல்லணுமாம், சாட்சிக்கு வாங்கன்னாரு. ஒன்பது வருஷமா பாக்கறேன், இதக்கூடச் சொல்ல மாட்டேனா?”

மகன் இதையும் செய்திருக்கிறான். என்ன விஷயம் என்று மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறான்.

“அது வந்துங்க, அந்த உறவு விஷயத்துல ஒண்ணு…”

“நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் சொல்றேன். ஏதாச்சும் சொத்து வருதா நெட்டைக்கு? வரட்டும், வரட்டும். தாய் இல்லாத பொண்ணு.”

பஸ் வந்தது. உட்கார இடமும் கிடைத்தது. நிஜத்தைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. கீழ்வீட்டம்மா நல்லவள். அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிடலாம்.

“உங்க தங்கச்சியத்தான் நெனச்சுக்கறேன். பொண்ணு நிமிர்ந்து உக்காந்து இவ்வளவு பெரிய வண்டிய ஓட்டறதப் பாக்கக் குடுத்து வைக்கல பாருங்க.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு பொய்யை உட்கார வைத்தால் அது கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். தங்கச்சி ஏன் மகளைப் பார்க்க வருவதே இல்லை என்று கீழ்வீட்டம்மா கேட்டபோது, அம்மா அவளை முதலில் வெளியூருக்கு அனுப்பினாள். பிறகு மூட்டுவலி கொடுத்தாள். நல்ல நாள் பார்த்து நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று கீழ்வீட்டம்மா விலாசம் கேட்டதும், வேறு வழியில்லாமல் கொன்றுவிட்டாள். துக்கம் விசாரிக்க மேலே வந்த கீழ்வீட்டம்மா, மதியம் முழுவதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். ஒப்புக்கு ஆரம்பித்த அழுகை நிற்கவே இல்லை. இல்லாத ஒருத்திக்காக அழுத அழுகைதான் அவள் வாழ்நாளில் அழுத நல்ல அழுகை.

“என்ன பேச்சே இல்ல? தங்கச்சி ஞாபகமா?”

“ம்.”

“இருக்காதா பின்ன,” என்று கீழ்வீட்டம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

* * *

பதிவு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. பெஞ்சு முழுக்க ஜோடிகள். ஒரே நிறத்தில் ஸ்வெட்டர் போட்ட இரண்டு வயதான ஆண்கள் குடையை எங்கே வைத்தாய் என்று ஒருவரையொருவர் கடிந்துகொண்டிருந்தார்கள். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவர்கள் போடுகிற சண்டை. பார்த்தாலே தெரிந்தது.

நெட்டை சுவரோரமாக நின்றாள். டிப்போவிலிருந்து நேரே வந்திருந்தாள், சீருடையும் தொப்பியுமாக. பக்கத்தில் சின்னவள், சட்டைக் கையெல்லாம் லென்ஸ் தூள். அம்மாவைக் கண்டதும் நெட்டையின் முகம் மலர்ந்தது.

“வந்துட்டீங்களா பெரியம்மா! வர மாட்டீங்கன்னு இவ பந்தயம் கட்டினா. ஜெயிச்சுட்டேன்.”

பெயர் கூப்பிட்டு உள்ளே போனார்கள். பதிவாளர் ஐம்பதைத் தாண்டிய பெண். மூக்கில் ஜலதோஷம், மேசையில் மலைபோல் காகிதம். எதிரே ஐந்து பேர், நாற்காலி மூன்று. நெட்டை நின்றாள், பெரியவனும் நின்றான்.

“சீக்கிரம் முடிச்சுக்கலாம்,” என்றாள் பதிவாளர். “இதுல எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இவங்க ரெண்டு பேரும் ரத்த உறவா, இல்லையா. வேற எதுவும் எனக்கு வேணாம்.”

“மேடம், நான் ஒண்ணு சொல்லிக்கறேன். உறவு ஒரு பக்கம் இருக்கட்டும். சமூகம்னு ஒண்ணு—” என்று ஆரம்பித்தான் பெரியவன்.

“சமூகம் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு, டோக்கன் வாங்கிக்கிட்டு. பாத்திருப்பீங்களே.”

“உங்க சொந்த அபிப்பிராயம் என்னன்னு கேக்கலாமா?”

பதிவாளர் மூக்கைத் துடைத்தாள். “கேக்கறீங்க, சொல்றேன். எனக்குப் பிடிக்கல. ஆனா எனக்குப் பிடிச்சவங்கதான் கல்யாணம் பண்ணிக்கணும்னா இந்த ஊர்ல பாதிப்பேர் பிரம்மச்சாரி. சட்டம் இருக்கிற வரைக்கும் முத்திரை குத்துவேன். மாசக் கடைசியில போச்சுன்னா முத்திரைய டிராயர்ல போட்டுடுவேன். அன்னிக்கும் என்னை யாரும் கேக்க மாட்டாங்க.”

“சகிப்புத்தன்மைங்கறது இதுதான் மேடம். நாங்களும் அப்படித்தான் ஒன்பது வருஷமா—”

“தலைவலியச் சகிச்சுக்கலாம் சார்,” என்றாள் நெட்டை பின்னாலிருந்து. “நான் உங்களுக்கு எங்க வலிச்சேன்?”

பதிவாளர் காகிதத்தைப் புரட்டினாள்.

“சாட்சி யாரு? நீங்களா? சொல்லுங்க.”

கீழ்வீட்டம்மா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற சிறுமிபோல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அக்கா தங்கச்சிங்கதாங்க. இவங்க பொண்ணு, இவங்க தங்கச்சி பொண்ணு. கூடப் பொறந்ததுங்க கூட இப்படி இருக்காதுங்க. இது வர லேட்டானா அது வாசப்படியிலயே உக்காந்திருக்கும். அதுக்கு ஜுரம்னா இது வேலைக்குப் போகாது. சண்டை போட்டாலும் விளக்கு வைக்கிறதுக்குள்ள சமாதானம். அக்கா தங்கச்சின்னா இப்படி இருக்கணும்டின்னு எங்க வீட்டு ரெண்டு பொண்ணுங்களுக்கும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சுங்க.”

சின்னவள் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை.

“எதுக்காகக் கேக்கறோம்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள் பதிவாளர்.

“சொத்துதானே?”

“கல்யாணம். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்க விண்ணப்பம் போட்டிருக்காங்க.”

“அட! சொல்லவே இல்லையே! மாப்பிள்ளைங்க என்ன பண்றாங்க?”

“மாப்பிள்ளை இல்லம்மா. இவங்க அவங்கள. அவங்க இவங்கள.”

கீழ்வீட்டம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். நெட்டையின் முகத்தில் நின்றாள். பிறகு மெல்ல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“பேப்பர்ல படிச்சிருக்கேன், பொண்ணும் பொண்ணும்னு. அது அவங்கவங்க விதி, அவங்கவங்க இஷ்டம். ஆனா அக்கா தங்கச்சி எப்படிங்க? ஒரே ரத்தம்! ஏங்க, நீங்க பெத்தவங்க, பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கீங்களே! செத்துப் போன தங்கச்சிக்கு என்னங்க பதில் சொல்வீங்க?”

அறைக்கு வெளியே ஸ்வெட்டர்க்காரர்கள்கூடச் சண்டையை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்கள். நெட்டையின் முகம் செத்துப் போயிருந்தது. இத்தனை வருஷம் படியில் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளுகிற கை, இப்போது அவளைத் தொடாமலிருக்கப் பின்வாங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவன் அம்மாவைப் பார்த்தான். ‘முதுகு வலி’ என்றது அந்தப் பார்வை.

குண்டூசி ஒன்றுகூட வாயில் இல்லையே என்று இருந்தது அம்மாவுக்கு.

“எனக்குத் தங்கச்சி இல்ல,” என்றாள்.

“அதான் போயிட்டாங்களே, பாவம்—”

“போகல. இருந்ததே இல்ல. எங்க வீட்டுல நான் ஒரே பொண்ணு. நீங்க யாருன்னு கேட்டீங்க, வாயில வந்தது, சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல.”

“மூட்டுவலி?”

“அதுவும் பொய்.”

கீழ்வீட்டம்மா உட்கார்ந்துவிட்டாள். பதிவாளரின் பேனா மட்டும் ஓடியது.

“அப்போ ரத்த உறவு இல்ல. சரி.” பதிவாளர் தலை நிமிராமல் கேட்டாள். “இவங்க உங்களுக்கு யாரு?”

சின்னக் கேள்வி. அம்மா வாய் திறந்தாள். நாத்தனாருக்குப் பேர் உண்டு. கொழுந்தன் பெண்டாட்டிக்கு ஓரகத்தி என்று ஒரு பேர் உண்டு. மச்சினி புருஷனைக்கூட அநாதையாக விடாமல் சகலை என்று ஒருத்தன் பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மருமகள் என்கிற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. மருமகள் என்றால் மகன் பெண்டாட்டி. மகன் எதிரே நிற்கிறான். கீழ்வீட்டம்மா பார்க்கிறாள். கதவுக்கு வெளியே ஊர் பார்க்கிறது. பொய்யென்றால் எவ்வளவு சுளுவாக வந்தது!

“தெரிஞ்ச பொண்ணு,” என்றாள் அம்மா.

“தெரிஞ்ச பொண்ணு,” என்று சொல்லிக்கொண்டே பதிவாளர் எழுதினாள். “அது போதும். ஆட்சேபம் தள்ளுபடி. வெள்ளிக்கிழமை காலையில வாங்க. அதுக்கு மேல தேதி இல்ல. ரெண்டு பேருக்கும் சம்மதமா?”

“சம்மதம்,” என்றாள் சின்னவள்.

நெட்டை தொப்பியைக் கையில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“உங்களத்தாங்க.”

“ஷிப்ட் பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள் நெட்டை.

சின்னவள் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவனும் பார்த்தான்.

* * *

வெளியே வராந்தாவில் பெரியவன் அம்மாவை நிறுத்தினான். கோபிப்பான் என்று நினைத்தாள். அவன் கோபிக்கவில்லை. சிரித்தான், அதுவும் களைப்பாக.

“பாத்தியாம்மா? உன்னாலயும் அந்த வார்த்தையச் சொல்ல முடியல. நான் எழுதிக் குடுத்துட்டேன், நீ சொல்லாம விட்டே. உனக்கும் எனக்கும் கையெழுத்துதான் வித்தியாசம்.”

“நீ கெடுக்க வந்தே. நான் காப்பாத்த வந்தேன்டா.”

“காப்பாத்திட்டியா? போய் அவ மூஞ்சியப் பாரு.”

அவன் காரை நோக்கிப் போனான். அவன் இடத்தில் கீழ்வீட்டம்மா வந்து நின்றாள். அம்மா கும்பிடாத குறையாக அவள் கையைப் பிடித்தாள்.

“மன்னிச்சுக்கோங்க. பொண்ணுங்க விஷயம் உங்களுக்குப் பிடிக்காதுன்னு பயந்துதான்…”

“பொண்ணுங்க விஷயம் உங்க வீட்டு விஷயம்ங்க. பிடிக்குதோ பிடிக்கலையோ, கொஞ்ச நாள் முணுமுணுத்துட்டுப் பழகியிருப்பேன். குடிச்சுட்டு வர்ற மருமகனுக்கே பழகலையா நான்?” கீழ்வீட்டம்மா கையை உருவிக்கொண்டாள். “ஆனா என்னை எதுக்கு அழ வெச்சீங்க? எங்கம்மா போனப்போகூட நான் அப்படி அழலங்க. உங்க தங்கச்சிக்கு அழுதேன். அத எனக்குத் திருப்பிக் குடுக்க முடியுமா உங்களால?”

பஸ்ஸுக்குத் துணையாக வந்தவள் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுத் தனியாகப் போனாள்.

பஸ் நிறுத்தத்தில் சின்னவளும் நெட்டையும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் இருந்தது. எப்போதும் இருக்காத இடம்.

“தெரிஞ்ச பொண்ணா?” என்றாள் சின்னவள், அம்மா வந்து சேர்வதற்குள்ளேயே. “ஒன்பது வருஷம்! உன் தலைவலிக்குத் தைலம் தேய்ச்சவ, உன் தையல் மெஷினப் பிரிச்சு எண்ணெய் போட்டவ, தெரிஞ்ச பொண்ணா?”

“இன்னிக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். சொல்லல. அந்தம்மா கேட்டது ரத்த உறவான்னு. இல்லன்னு சொல்லி உங்க கல்யாணத்த மீட்டுக் குடுத்தேன். இன்னும் என்னடி வேணும்?”

“அந்தம்மா ரெண்டு கேள்வி கேட்டாங்க.”

“ஊர் முன்னாடி பட்டவர்த்தனமா எப்படிடி சொல்றது? எனக்கு வயசாச்சு. வாய் பழகணும்.”

“அண்ணனுக்குப் பிடிக்கலைன்னா எழுதியாவது குடுக்கறான். அரசாங்கத்துக்குப் பிடிக்கலைன்னா சட்டமாவது போடுது. உனக்குப் பிடிச்சிருக்கு, அதான் கொடுமை. பிடிச்சிருந்தும் உன்னால—”

“விடு,” என்றாள் நெட்டை.

குரலில் கோபம் இல்லை. பஸ் ஓட்டும்போது யாராவது பாதையை மறித்தால் ஹார்ன் அடிக்காமல் காத்திருப்பாளே, அந்த நிதானம்.

“அவங்க வந்தாங்கல்ல. வராம இருந்திருக்கலாம், வந்தாங்க. உறவு இல்லன்னு சொன்னாங்க, காரியம் ஆச்சு.”

“அப்போ வெள்ளிக்கிழமை?” என்றாள் சின்னவள்.

நெட்டை பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

“எனக்குக் கல்யாணம் பெருசில்லடி. சர்க்கார் முத்திரை இல்லாமலே ஒன்பது வருஷம் ஓட்டியாச்சு. நீ கேட்டேன்னு சரின்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு ஆபீஸ்ல உக்காந்து என்னை யாராச்சும் இன்னாருன்னு சொல்லுவாங்கன்னு ஒரு ஆசை. இன்னிக்குச் சொல்லிட்டாங்க. எழுதியும் வெச்சுக்கிட்டாங்க.”

“அப்படியெல்லாம் பேசாதே,” என்றாள் அம்மா. நெட்டையின் சீருடைக் கையைப் பற்றினாள். “வாடி. வீட்டுக்குப் போலாம். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. எல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கலாம், வா.”

அலுவலகத்தை விட்டு வந்ததிலிருந்து நெட்டை தன்னை ஒரு முறைகூடப் பெரியம்மா என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது.

பஸ் வந்து நின்றது. உள்ளேயிருந்த ஓட்டுநர் நெட்டையைக் கண்டு கையை உயர்த்தினார். கதவு திறந்தது. சின்னவள் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தாள்.

நெட்டை தன் கையைப் பற்றியிருந்த அம்மாவின் விரல்களை உதறவில்லை. மெதுவாக, வலிக்காமல், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

“வர்றேன்ங்க. யாரா வரணும்னு மட்டும் சொல்லுங்க.”